டோக்கியோவில் முகவரி இருந்தும் இடம் கிடைக்கவில்லையா? பலகைகளைப் படித்துப் பிழை பிடிக்கும் முறை

டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. பெயருள்ள பெருஞ்சாலைகள்கூட முகவரியில் வருவதில்லை. எண் தெருவுக்குத் தரப்படுவதில்லை. தெருக்கள் சூழ்ந்த பிளாக்குக்குத் தரப்படுகிறது. தெருப்பெயரைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை என்று எண்ணிக்கொண்டே போகும் நம் பழக்கம் இங்கே செல்லாது. வழி தவறுகிறவர்கள் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

கிளம்பும் முன் மூன்றை போனில் சேமித்துவிடுங்கள்: ரோமன் எழுத்தில் முகவரி, ஜப்பானிய எழுத்தில் அதே முகவரி, போகுமிடத்தின் தொலைபேசி எண். ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரிய வேண்டியதில்லை. சுவரில் இருப்பதும் போனில் இருப்பதும் ஒரே வடிவமா என்று ஒப்பிட்டால் போதும்.

மாதிரிக்கு டோக்கியோ பெருநகர அரசுத் தலைமையகத்தின் முகவரி: 2-8-1 நிஷி-ஷின்ஜுகு, ஷின்ஜுகு-கு, டோக்கியோ 163-8001. 'கு' என்பது வார்டு. நிஷி-ஷின்ஜுகு அதற்குள் ஒரு பேட்டை. 2 என்பது பேட்டையின் பிரிவு, அதை 'ச்சோமே' என்பார்கள். 8 பிளாக் எண். 1 கட்டட எண். நான்காவதாக 503 என்று ஒட்டிக்கொண்டு வந்தால் அது ஜப்பானியக் கணக்கில் ஐந்தாம் தளத்தில் (நமக்கு நான்காம் மாடி) உள்ள அறை. ஜப்பானிய எழுத்தில் எழுதும்போது நகரம், வார்டு, பேட்டை என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வரும். புரளுவது பெயர்களின் வரிசை மட்டுமே. 2-8-1 இரண்டிலும் 2-8-1தான்.

அறிகுறி 1: நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதுவும் பொருந்தவில்லை

முதலில் வாசலைச் சந்தேகியுங்கள். சுரங்க ரயில் நிலையங்களில் வாசல்களுக்கு ஏ1, பி3 என்பதுபோல் எழுத்தும் எண்ணும் இருக்கும். நிலையத்துக்குள் அவை மஞ்சள் பலகையில் காட்டப்படும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மலைகளை அடுக்கியதுபோல் ஓர் எழுத்தும், பக்கத்தில் வெற்றுச் சதுரமும் இருந்தால் அது 'வெளியே போகும் வழி'. கூடாரம்போல் இரு கால் விரித்த எழுத்தோடு அதே சதுரம் வந்தால் அது 'உள்ளே வரும் வழி'.

டிக்கெட் கேட்டைத் தாண்டும் முன் நின்று, வாசல் வாரியாகச் சுற்றுப்புறக் கட்டடங்களைப் பட்டியலிட்டிருக்கும் பலகையைப் பாருங்கள். இரண்டு நிமிடம் ஆகும். தவறான வாசலில் ஏறிவிட்டால், இடையில் பெருஞ்சாலையோ தண்டவாளமோ வந்து கால் மணி நேரம் சுற்ற வைக்கும்.

ஷின்ஜுகு நிலையத்தில் கிழக்கு, மேற்கு வாசல்கள் மாறிப்போவது மிகச் சாதாரணம். 2020 ஜூலையில் இரண்டையும் இணைக்கும் பொதுவழி நிலையத்துக்கு ஊடாகத் திறக்கப்பட்டது. டிக்கெட் இல்லாமலே அதில் நடந்து மறுபக்கம் போகலாம். பழைய குறிப்புகளை நம்பித் தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டாம்.

வாசல் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால், நிலையத்தின் பெயரை நம்பி வந்திருப்பீர்கள். மெகுரோ நிலையம் இருப்பது ஷினாகவா வார்டில். ஷினாகவா நிலையம் இருப்பது மினாத்தோ வார்டில். முகவரியில் உள்ள வார்டின் பெயரும் நிலையத்தின் பெயரும் ஒன்றாக இருப்பது எதற்கும் சான்றாகாது.

அறிகுறி 2: பேட்டைப் பெயர் ஏறக்குறைய அதேதான், ஆனால் எண்கள் வேறெங்கோ இருக்கின்றன

'ஏறக்குறைய' என்ற சொல்லில்தான் பிழை இருக்கிறது. நிஷி என்றால் மேற்கு, ஹிகாஷி கிழக்கு, கிதா வடக்கு, மினாமி தெற்கு, நாகா நடு. பேட்டைப் பெயருக்கு முன்னால் வரும் இந்தச் சொல் அலங்காரம் அல்ல, பெயரின் பகுதி. ஷின்ஜுகு வார்டுக்குள் ஷின்ஜுகு, நிஷி-ஷின்ஜுகு, கிதா-ஷின்ஜுகு என்று மூன்று தனித்தனிப் பேட்டைகள். மூன்றிலும் 2 ச்சோமே உண்டு. முன்சொல்லை விட்டுவிட்டுத் தேடினால் நிலையத்தின் எதிர்ப்பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

தமிழ்க் குடும்பங்கள் உட்பட இந்தியர்கள் நிறைய வசிக்கும் எதொகவா வார்டில் இது இன்னும் கடுமை: நிஷி-கசாய், நாகா-கசாய், ஹிகாஷி-கசாய், மினாமி-கசாய், கிதா-கசாய் என ஐந்து பேட்டைகள். வெறும் 'கசாய்' என்பது நிலையத்தின் பெயர். அந்த நிலையம் நிற்பது நாகா-கசாயில். "கசாய்ல 5 ச்சோமே" என்று நண்பர் சொன்னால், எந்தக் கசாய் என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

முன்சொல் சரியாக இருந்தால் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். ஒரே பெயரை ரயில்நிலையப் பலகை ஷிம்பாஷி என்றும், வேறொரு பலகை ஷின்பாஷி என்றும் ரோமன் எழுத்தில் எழுதும். நெடில் 'ஓ' ஒரு பலகையில் மேற்கோட்டோடும், இன்னொன்றில் கோடில்லாமலும், மூன்றாவதில் 'ஓஎச்' என்றும் வரும். இவை வேறு இடங்கள் அல்ல. ஜப்பானிய எழுத்தோடு ஒப்பிட்டால் சந்தேகம் உடனே தீரும்.

போன் கேமராவின் மொழிபெயர்ப்பைப் பெயர்ப்பலகைக்குப் பயன்படுத்தவேண்டாம். அது இடப்பெயரையும் பொருள் பிரித்து 'மேற்குப் புதிய விடுதி' என்கிற மாதிரி ஏதாவது காட்டும். எச்சரிக்கைப் பலகைக்கும் கடை அறிவிப்புக்கும் அது உதவும்; பெயருக்கு உதவாது.

அறிகுறி 3: பேட்டை சரி, ஆனால் எந்தப் பலகையைப் படிப்பது என்று தெரியவில்லை

கண்ணில் முதலில் படுவது சிக்னல் கம்பத்தில் தொங்கும் பெயர். அது சந்திப்பின் பெயர். பக்கத்துப் பேட்டையின் பெயராகவோ, ஒரு நிலையத்தின் பெயராகவோ இருக்கலாம். நீங்கள் நிற்கும் முகவரி என்று அதை எடுத்துக்கொள்ளக்கூடாது.

அடுத்து, முனை மழுங்கிய தலைகீழ் முக்கோணம்போல நீலப் பலகையில் 20 என்று தெரியும். அது தேசிய நெடுஞ்சாலை எண். ஷின்ஜுகு நிலையத்தின் தென்பக்கம் போவது 20ஆம் நெடுஞ்சாலை. அதை பிளாக் 20 என்று எண்ணித் திரிகிறவர்கள் உண்டு. அறுகோண நீலப் பலகை பெருநகர அரசின் சாலை எண். இரண்டும் முகவரிக்குச் சம்பந்தமில்லாதவை.

நீங்கள் தேடவேண்டியது மூலைக் கட்டடத்தின் சுவரிலோ கம்பத்திலோ செங்குத்தாக ஆணியடித்த ஒடுக்கமான தகடு. வார்டைப் பொறுத்து நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். மேலிருந்து கீழாக: பேட்டைப் பெயர், ச்சோமே, அடியில் பெரிதாக பிளாக் எண். ச்சோமே என்பதை இரண்டு வடிவங்களால் அடையாளம் காணலாம்: 'டீ' (T) என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தின் கால் அடியில் கொக்கிபோல் வளைந்தால் ஒன்று, மூன்று அறை கொண்ட செங்குத்துப் பெட்டி மற்றொன்று. அதற்கு முன்னால் எண் ஜப்பானிய எழுத்தில் இருந்தால்: ஒரு படுக்கைக்கோடு 1, இரண்டு கோடு 2, மூன்று கோடு 3, பெட்டிக்குள் இரண்டு கால் 4, இருபுறமும் சரியும் இரு கோடு 8, கூட்டல் குறி 10.

தகடு கிடைக்காவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்: தனி வீட்டு வாசலில் 8-1 என்பதுபோல் இருக்கும் சிறு தகடு, மின்கம்பத்தைச் சுற்றியுள்ள விளம்பரத்தின் அடிப்பகுதியில் ஒரு வரி முகவரி, பானம் விற்கும் வெண்டிங் மெஷினின் முன்பக்கத்தில் ஒட்டிய முகவரி ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர் பழக்கம் 2005இல் தொடங்கியது, அவசர அழைப்புகளுக்காக. மெஷின் இல்லாத தெரு டோக்கியோவில் அரிது என்பதால், இது நம்பகமான கடைசிக் கை.

அறிகுறி 4: பிளாக் கிடைத்துவிட்டது, கட்டட எண் தாறுமாறாகத் தாவுகிறது

பெரும்பாலும் தாறுமாறு இல்லை, நீங்கள் தவறான திசையில் நடக்கிறீர்கள். டோக்கியோவில் பிளாக்கின் ஒரு மூலையில் 1 தொடங்கி, கடிகாரமுள் திசையில் சுற்றளவை ஏறக்குறைய 10 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து எண் தருகிறார்கள். ஆகவே பிளாக் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடந்தால் எண் ஏறும். இடக்கைப் பக்கம் இருந்தால் இறங்கும்.

திசை சரியாக இருந்தும் 3க்குப் பின் 7 வந்தால்: இடையில் ஒரு பெரிய கட்டடம் மூன்று நான்கு துண்டுகளை விழுங்கியிருக்கிறது. அதன் வாசல் எந்தத் துண்டில் இருக்கிறதோ அந்த எண் மட்டும்தான் அதற்கு. உங்கள் எண் 5 என்றால் அந்தக் கட்டடத்தின் மறுபக்க வாசலையும் பார்த்துவிடுங்கள்.

ஒரே எண்ணில் இரண்டு மூன்று வீடுகள் இருந்தால் பதறவேண்டாம், அதுவும் முறைப்படிதான். ஒரே 10 மீட்டர் துண்டில் பல வாசல்கள் திறந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே எண். உள்சந்தில் இருக்கும் வீட்டுக்கு, அந்தச் சந்து வெளித்தெருவைத் தொடும் இடத்தின் எண் கிடைக்கும். வெளியே எண் சரியாக இருந்து வீடு இல்லையென்றால் சந்துக்குள் எட்டிப் பாருங்கள். அங்கிருந்து பிரித்தறியப் பெயர்த்தகடுதான் துணை. அதனால்தான் அடுக்குமாடியின் பெயரை முகவரியிலிருந்து வெட்டிவிடக்கூடாது.

தெருவைக் கடந்ததும் எல்லா எண்களும் மாறிவிட்டனவா? எல்லைகள் பெரும்பாலும் தெருவின் நடுவே ஓடுகின்றன. இந்தப் பக்கம் 2 ச்சோமே, எதிர்ப்பக்கம் 3 ச்சோமே; அகலமான சாலை என்றால் எதிர்ப்பக்கம் வேறு பேட்டையே கூட. பிளாக் எண் ஒவ்வொரு ச்சோமேயிலும் 1இல் இருந்து மறுபடி தொடங்கும். திரும்பிக் கடந்து பழைய பக்கத்திலேயே தேடுங்கள்.

இவை எதுவும் ஒத்துவராமல், அடுத்தடுத்த கட்டடங்களில் 12, 40, 3 என்று நிஜமாகவே ஒழுங்கில்லாமல் இருந்தால், நீங்கள் நிற்பது 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் புது எண்முறை இன்னும் வராத பகுதி. காண்டா, உஷிகோமே பக்கத்துப் பழைய பேட்டைகள் பல இப்படித்தான். அங்கே இருப்பது பழைய நில எண். பக்கத்து வீட்டு எண்ணை வைத்து உங்கள் எண்ணைக் கணிக்க முடியாது. ஆனால் அந்தப் பேட்டைகள் சிறியவை. ஒரு சுற்று நடந்து, இல்லையென்றால் நேரே போலீஸ் சாவடிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி 5: போனில் நீலப்புள்ளி சேர்ந்துவிட்டது, எதிரே கட்டடம் இல்லை

நிமிர்ந்தும் குனிந்தும் பாருங்கள். நிஷி-ஷின்ஜுகுவின் உயரக் கட்டடங்கள் நிற்பது 1965இல் மூடப்பட்ட யோதோபாஷி நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நிலத்தில். அங்கே தெருக்கள் இரண்டு மட்டங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடக்கின்றன. வரைபடத்தில் சந்திப்பாகத் தெரிவது நேரில் பாலமும் அடிச்சாலையும். நிலையத்தின் மேற்கு வாசலில் இருந்து சுரங்கப் பாதையிலேயே நேராக நடந்தால், படியேறாமலே திறந்தவெளிக் கீழ்த்தெருவுக்கு வந்துவிடுவீர்கள். மேலே போகும் படிக்கட்டு அல்லது லிஃப்ட் தேடுங்கள். இங்கே வரைபடத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் பயனில்லை.

உயரக் கட்டடங்களுக்கு நடுவிலும் சுரங்கத்திலும் நீலப்புள்ளி விலகி நிற்கும். திறந்த இடத்துக்கு வந்து ஒரு நிமிடம் நின்று, பிறகு சுவர்த்தகட்டோடு ஒத்துப்பாருங்கள். முரண்பட்டால் தகட்டை நம்புங்கள்.

கட்டடம் சரி, கடை இல்லை என்றால் மாடிக்கணக்கு. ஜப்பானில் 1எஃப் என்பது தரைத்தளம். 2எஃப் என்பது நாம் முதல் மாடி என்பது. பி1 தரைக்கு ஒரு தளம் கீழே. சிறு கட்டடங்களில் வாசலில் மாடிவாரியாக அடுக்கிய விளக்குப் பலகை இருக்கும். ஏறுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

அறிகுறி 6: தெருவோர வரைபடமும் போன் வரைபடமும் எதிரெதிராக இருக்கின்றன

இரண்டும் சரி. தெருவோரப் பலகை வரைபடங்கள் பலவற்றில் மேற்பக்கம் வடக்கு அல்ல. பலகையைப் பார்த்து நிற்கும்போது உங்களுக்கு நேரெதிரே இருக்கும் திசை. சிவப்புக் குறி நீங்கள் நிற்குமிடம். பலகையில் வலப்பக்கம் இருப்பது நிஜத்திலும் உங்கள் வலப்பக்கம். அதைப் படமெடுத்துக்கொண்டு நடந்துவிட்டால் குழப்பம் மறுபடி தொடங்கும்; ஆகவே வடக்கு அம்பும் படத்தில் விழும்படி எடுங்கள்.

வரைபடக் குறிகளில் மூன்று போதும்: பெருக்கல் குறி போலீஸ் சாவடி, வட்டத்துக்குள் பெருக்கல் குறி காவல் நிலையம், ஸ்வஸ்திகம் பௌத்தக் கோயில்.

அறிகுறி 7: அம்புக்குறியைப் பின்பற்றி நடந்தும் எங்கும் சேரவில்லை

நீலச் செவ்வகத்தில் வெள்ளை அம்பு வண்டிகளுக்கான ஒருவழிப் பாதை. நடப்பவருக்கு அது வழிகாட்டி இல்லை. பெரியவரும் குழந்தையும் கைகோத்த நீல வட்டம் நடப்பவர்களுக்கு மட்டுமான தெரு. சிவப்புத் தலைகீழ் முக்கோணம் 'நில்'. 2017 முதல் புதிதாக வைப்பவற்றில் ஆங்கிலமும் சேர்த்து எழுதுகிறார்கள். சைக்கிளில் போகிறவர்களும் அங்கே நிற்கவேண்டும்.

நடைபாதையில் சிகரெட் மேல் கோடு போட்ட குறி வெறும் வேண்டுகோள் அல்ல. தெருவில் புகைப்பதற்கு அபராதம் விதிக்கும் விதியை சியோதா வார்டு 2002இல் கொண்டுவந்தது. புடைப்புள்ள மஞ்சள் கட்டைகள் பார்வையற்றோருக்கான பாதை. போனைப் பார்த்தபடி அதன்மேல் நின்று வழி தேடுவதைத் தயவுசெய்து தவிருங்கள். உங்களுக்கு ஒரு நிமிடத் தயக்கம், தடியோடு வருகிறவருக்கு அது மோதல்.

அறிகுறி 8: டோக்கியோவில் பழகிய முறை வேறு ஊரில் வேலை செய்யவில்லை

செய்யாது. கியோட்டோவின் நடுப்பகுதியில் தெருக்களுக்குப் பெயர் உண்டு. முகவரியும் தெருவை வைத்துத்தான். நகர மன்றத்தின் முகவரி 'தெராமாச்சி-தோரி ஒயிகே அகாரு' என்று தொடங்கும்: கட்டடம் தெராமாச்சித் தெருவில், ஒயிகேத் தெருவைக் கடந்து வடக்கே. அகாரு வடக்கு, சகாரு தெற்கு, ஹிகாஷி-இரு கிழக்கு, நிஷி-இரு மேற்கு. முதலில் வருவது நீங்கள் நிற்கவேண்டிய தெரு, இரண்டாவது அருகிலுள்ள குறுக்குத்தெரு. பேட்டைப் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள்; ஒரே வார்டுக்குள் ஒரே பெயரில் இரண்டு பேட்டைகள் இருக்கின்றன.

சப்போரோ எளிது. ஓதோரிப் பூங்காவில் இருந்து வடக்கு-தெற்கும், சோசெய் ஆற்றில் இருந்து கிழக்கு-மேற்கும் எண்ணுகிறார்கள். நகர மன்றம் வடக்கு 1, மேற்கு 2. சிக்னல் பலகையிலேயே அந்த எண்கள் இருக்கும். ஒசாகாவில் 'சுஜி' தென்வடல் சாலை, 'தோரி' கிழமேல் சாலை. திசை தெரிய இது போதும்.

எப்போது நிறுத்திவிட்டு ஆளைக் கேட்பது

சரியான ச்சோமேக்குள் 15 நிமிடம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். முதலில் செலவில்லாதது: போகுமிடத்துக்கு போன் செய்து, அருகிலுள்ள வெண்டிங் மெஷின் ஸ்டிக்கரில் உள்ள முகவரியைப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்தது கோபான் எனப்படும் போலீஸ் சாவடி. வாசலில் சிவப்பு விளக்கு எரியும். வழி சொல்வது அவர்களின் அன்றாட வேலை; கட்டடம் கட்டடமாகக் குறித்த விரிவான வரைபடம் வைத்திருப்பார்கள். ஜப்பானிய எழுத்து முகவரியைக் காட்டினால் பேச்சே வேண்டாம். சாவடியில் ஆள் இல்லையென்றால் மேசைமேல் உள்ள தொலைபேசி காவல் நிலையத்துக்குப் போகும். வழி கேட்க 110 அழைக்காதீர்கள், அது குற்றத்துக்கும் விபத்துக்கும். ஆங்கிலத்தில் உதவி வேண்டுமானால் ஜப்பான் தேசியச் சுற்றுலா அமைப்பின் 24 மணி நேர எண் 050-3816-2787.

கடைசியாக டாக்சி. பின்கதவு தானாகத் திறந்து மூடும், கை வைக்கவேண்டாம். இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல். ரோமன் எழுத்தைவிட ஜப்பானிய எழுத்து முகவரியைக் காட்டுங்கள்; அதைவிட விரைவு தொலைபேசி எண், காரில் உள்ள வழிகாட்டிக் கருவி பலவும் எண்ணை வைத்தே இடத்தைக் காட்டும்.

ஒரே ஒரு நிலைமையில் மேலே சொன்ன வரிசை எதையும் பார்க்கக்கூடாது: யாருக்காவது உடல்நிலை மோசமாகி, எங்கே நிற்கிறீர்கள் என்றே தெரியாதபோது. 119 அழையுங்கள், ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. எடுத்தவுடன் தீயா, ஆம்புலன்ஸா என்று கேட்பார்கள். 'கியூக்யூ' என்றால் ஆம்புலன்ஸ். மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள், அழைப்பைத் துண்டிக்காதீர்கள். வெண்டிங் மெஷின் ஸ்டிக்கர் இருந்தால் அதைப் படியுங்கள். இல்லையென்றால் மின்கம்பத் தகட்டின் எண். அதுவும் இல்லையென்றால் சிக்னலில் உள்ள சந்திப்பின் பெயர். சைரன் கேட்டதும் கூட இருப்பவர் ஒருவர் பெரிய சாலை முனைக்குப் போய் நின்று கையசைக்கட்டும்.